பூட்டைத் திறப்பது பாடமாக இருக்கட்டும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் சண்டை எதற்காக வரும்? சந்தேகமே வேண்டாம், கேம்ஸுக்காகத்தான் வரும். "படிக்கறதுக்காக வாங்கிக் கொடுத்தா, எப்பப் பார்த்தாலும் விளையாட்டா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். "இப்பத்தான் ஆரம்பிச்சேன்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். உங்கள் வீட்டிலும் இது இப்போது நடந்து கொண்டிருக்கலாம்.

இந்தச் சண்டையில் நான் பெரியவர்கள் கட்சி. பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருக்கிறேன். இருந்தாலும் கேம் வேறு, படிப்பு வேறு என்றுதான் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவள் கடலூரில் நர்சிங் படிக்கும் என் தங்கை. பொங்கல் விடுமுறைக்குச் சிதம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு இருவரும் வந்திருந்தோம். "அண்ணா, எங்க கிளாஸ் பொண்ணுங்க சேர்ந்து படிக்க ஒரு எஸ்கேப் ரூம் கேம் செஞ்சு தருவியா? பாம்புக்கடிதான் தலைப்பு" என்று கேட்டாள்.

பாம்புக்கடியை வைத்து விளையாட்டா என்று அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பார்ப்போம்.

எஸ்கேப் ரூம் என்றால் என்ன?

நான்கைந்து பேர் கொண்ட ஒரு குழுவை ஓர் அறைக்குள் விடுவார்கள். கதவு பூட்டியிருக்கும். அறையில் உள்ள பெட்டி, படம், கடிதம், கடிகாரம் என ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு துப்பு ஒளிந்திருக்கும். ஒரு துப்பைக் கண்டுபிடித்தால் ஒரு பூட்டு திறக்கும். அதற்குள் அடுத்த துப்பு இருக்கும். பெரும்பாலும் 60 நிமிடங்களுக்குள் எல்லாப் பூட்டுகளையும் திறந்து வெளியே வர வேண்டும்.

இந்த அறை ஆட்டத்தின் வேர் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. 2004ல் ஜப்பானைச் சேர்ந்த தோஷிமிட்சு தகாகி உருவாக்கிய 'கிரிம்சன் ரூம்' என்ற பிளாஷ் கேம் இன்டர்நெட் வழியாக உலகம் முழுவதும் பரவியது. சிவப்பு நிற அறை ஒன்றில் நீங்கள் மாட்டிக் கொண்டிருப்பீர்கள். மவுஸால் அங்கும் இங்கும் கிளிக் செய்து, கிடைக்கும் பொருட்களை வைத்து வெளியேற வேண்டும். 2007ல் கியோட்டோ நகரில் தகாவோ கதோ என்பவர் இந்த வகை ஆட்டத்தை நிஜமான அறைக்குள் கொண்டு வந்தார். கம்ப்யூட்டர்களில் பிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 உடன் நின்று போனது. அறை ஆட்டமோ பல நாடுகளில் வேரூன்றிவிட்டது.

பிறகு இது வகுப்பறைக்கும் வந்தது. அமெரிக்காவில் நார்த் டகோட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பார்மசி ஆசிரியர்கள், சர்க்கரை நோய் சிகிச்சையை வைத்து ஓர் எஸ்கேப் ரூம் அமைத்தார்கள். ஆட்டத்துக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு என்று நடத்தி, முடிவை 2017ல் வெளியிட்டார்கள். ஆட்டம் முடிந்த பின் மாணவர்கள் கூடுதலாக மதிப்பெண் எடுத்திருந்தார்கள். அதன் பிறகு நர்சிங் மற்றும் மருத்துவக் கல்லூரிகள் பலவும் இந்த முறையைக் கையில் எடுத்தன.

மருத்துவப் படிப்புக்கு இது ஏன் பொருந்துகிறது? மருத்துவமனை வேலையே இப்படித்தான் இருக்கிறது. நேரம் குறைவு. தகவல்கள் ஒரே இடத்தில் கிடைக்காது. கொஞ்சம் கேஸ் ஷீட்டில் இருக்கும், கொஞ்சம் நோயாளியின் உடம்பில் தெரியும், கொஞ்சம் உறவினர் வாயிலிருந்து வரும். ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லாவிட்டால் வேலை கெட்டுவிடும்.

நான் செய்த முதல் கேம்

இதையெல்லாம் படித்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரண்டு இரவுகள் விழித்திருந்து பவர்பாயிண்டில் ஒரு கேம் தயாரித்தேன். முதல் பூட்டைத் திறக்க, பைனரி எண்களைச் சாதாரண எண்களாக மாற்ற வேண்டும். இரண்டாவது பூட்டுக்கு, எழுத்துகளை மூன்று இடம் தள்ளி எழுதிய ரகசிய வாக்கியத்தைப் படிக்க வேண்டும். மூன்றாவது பூட்டுக்கு, துண்டு துண்டான பாம்புப் படத்தைச் சேர்க்க வேண்டும். என் திறமையை நானே மெச்சிக் கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையின் தோழிகள் நான்கு பேர் கடலூரிலிருந்து பஸ்சில் வந்தார்கள். கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார வைத்து ஆட்டத்தை ஆரம்பித்தேன். முதல் பூட்டிலேயே 40 நிமிடங்கள் போய்விட்டன. களைத்துப் போன ஒரு பெண் ஸ்லைடின் காலி இடத்தில் கிளிக் செய்ய, அடுத்த ஸ்லைடு தானாக வந்துவிட்டது. இன்னொரு கிளிக்கில் அடுத்த பூட்டும் போயிற்று. "அண்ணா, பூட்டு தானா திறந்துடுச்சு!" என்று எல்லாரும் சிரித்தார்கள்.

(உங்களுக்கும் இது நடக்கலாம். ஸ்லைடு ஷோ டேபில் 'செட் அப் ஸ்லைடு ஷோ' என்பதைத் திறந்து, அதில் 'கியோஸ்க்' என்று முடியும் வகையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு நீங்கள் லிங்க் கொடுத்த பட்டன்களில் கிளிக் செய்தால்தான் ஸ்லைடு நகரும். இதைத் தெரிந்து கொண்டபோது என் மானம் ஏற்கனவே போயிருந்தது.)

கிளம்பும்போது ஒரு பெண் கேட்டாள்: "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இது எங்க பாடமா, உங்க பாடமா?"

சிரித்துக் கொண்டுதான் கேட்டாள். ஆனால் சரியான கேள்வி. பைனரி எண் தெரிந்த யாரும் என் பூட்டைத் திறந்துவிடலாம். பாம்புக்கடி பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. கல்விக்கான எஸ்கேப் ரூம் என்ற பெயரில் செய்யப்படும் ஆட்டங்களில் பெரிய தவறு இதுதான் என்பது என் கருத்து. குறுக்கெழுத்து, ரகசிய எழுத்து, கண்ணுக்குத் தெரியாத மை என்று அலங்காரம் நிறைய இருக்கும். பாடம் சுவரில் ஒட்டிய போஸ்டராக மட்டும் இருக்கும்.

அன்றே ஒரு விதி வைத்துக் கொண்டேன். நர்சிங் படிக்காத என்னால் திறக்க முடிகிற பூட்டு தவறான பூட்டு.

மாமாவுக்கு நடந்தது

அம்மாவின் கோபத்துக்கு வருகிறேன். அம்மாவின் தம்பி புவனகிரி பக்கம் விவசாயம் செய்தவர். சில ஆண்டுகளுக்கு முன் அறுவடை சமயத்தில் வரப்பில் நடந்து போனவரை ஏதோ கடித்தது. பாம்பை யாரும் பார்க்கவில்லை. உடனே ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்து, 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்த்தார்கள். ரத்தம் உறைந்திருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கும் அப்போது மகிழ்ச்சிதான்.

அன்று இரவு ஈறில் ரத்தம் கசிந்தது. விடிவதற்குள் சிறுநீர் குறைந்துவிட்டது. பிறகு பெரிய மருத்துவமனை, விஷமுறிவு மருந்து, பல முறை டயாலிசிஸ். மாமா பிழைத்துக் கொண்டார். ஆனால் பழையபடி வயலில் இறங்கி வேலை செய்ய முடியவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்.

அந்தக் கண்ணாடிக் குழாய்ச் சோதனையைத் தங்கைதான் எனக்கு விளக்கினாள். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிவிரியன் போன்ற விரியன்களின் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுத்துவிடும். ரத்தம் உறையாமல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாய் கூடாது, ஏனென்றால் உறைதலைத் தூண்டுவதே கண்ணாடிதான். உறைந்திருந்தால்? அந்த நேரத்தில் உறைந்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். விஷம் மெதுவாக வேலை செய்யலாம். அதனால் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கடிபட்டவரை 24 மணி நேரமாவது கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும்.

இதைக் கேட்டபோது எங்கள் கேமில் எந்தப் பூட்டு இருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரிந்துவிட்டது.

பைல்தான் பெட்டி, பாஸ்வேர்டுதான் சாவி

இரண்டாவது முறை பவர்பாயிண்டை ஒதுக்கி வைத்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வேர்ட் பைல். ஒவ்வொரு பைலுக்கும் ஒரு பாஸ்வேர்டு. முதல் பைலில் உள்ள கேள்விக்கான விடை, இரண்டாவது பைலின் பாஸ்வேர்டு. அவ்வளவுதான். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். நேற்று கம்ப்யூட்டர் வாங்கியவர்கூட இன்று செய்யலாம்.

வேர்டில் பைல் மெனுவுக்குள் சென்று, 'இன்ஃபோ' என்பதில் 'புரொடெக்ட் டாக்குமெண்ட்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். கிடைக்கும் பட்டியலில் 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டை இரண்டு முறை கேட்கும். கொடுத்துவிட்டுப் பைலை சேவ் செய்யுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்கள், 'சேவ் அஸ்' கட்டத்தில் 'சேவ் வித் பாஸ்வேர்டு' என்பதை டிக் செய்தால் போதும்.

இதில் மூன்று எச்சரிக்கைகள். பாஸ்வேர்டை எண்ணாக வையுங்கள். எழுத்து என்றால் பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பத்தில் சரியான விடைக்கும் பூட்டு திறக்காது. பைலின் பெயரில் விடையைக் காட்டிக் கொடுக்காதீர்கள். பாஸ்வேர்டு மறந்தால் பைலைத் திறக்க முடியாது, எனவே பூட்டாத காப்பி ஒன்றை வேறு போல்டரில் வைத்துக் கொள்ளுங்கள்.

கேள்விகளைத் தங்கை தயாரித்து, அவளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியையிடம் காட்டிச் சரிபார்த்துக் கொண்டாள். கதை இதுதான். இரவு டியூட்டியில் இரண்டு நோயாளிகள் வருகிறார்கள். ஒருவர் வயலில் கடிபட்ட விவசாயி. இன்னொருவர் வீட்டில் தரையில் படுத்துத் தூங்கிய 6 வயதுக் குழந்தை.

முதல் பூட்டு: 500 மி.லி. சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 1 மி.லி.க்கு எத்தனை சொட்டு என்பது டிரிப் செட்டின் உறையில் அச்சாகியிருக்கும். அந்த உறையின் போட்டோவைப் பைலில் வைத்திருந்தோம். அதில் 20 என்று இருந்தது. பார்த்தவர்களுக்கு 42 என்று விடை வரும். பார்க்காமல், வழக்கமாகப் பார்த்துப் பழகிய 15 சொட்டுக் கணக்கைப் போட்டவர்களுக்கு 31 வரும். பூட்டு திறக்காது.

இரண்டாவது பூட்டு: குழந்தைக்குக் கண் இமை சரிகிறது, வயிறு வலிக்கிறது, கடிவாய் தெரியவில்லை. கட்டுவிரியனாக இருக்கலாம். பெரியவருக்கு 10 குப்பி விஷமுறிவு மருந்து என்று குறிப்பில் இருக்கிறது. 18 கிலோ எடையுள்ள குழந்தைக்கு எத்தனை? எடைக்கு ஏற்ப மருந்தைக் குறைத்துப் பழகிய கை இங்கும் குறைக்கப் பார்க்கும். ஆனால் விடை 10தான். பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. மருந்து முறிக்க வேண்டியது விஷத்தை, எடையை அல்ல.

மூன்றாவது பூட்டு: விவசாயியின் ரத்தம் கண்ணாடிக் குழாயில் இருக்கிறது. 20 நிமிடம் நிஜமாகவே காத்திருக்க வேண்டும். செல்போனில் அலாரம் வைத்தோம். அலாரம் அடித்ததும் 'ரத்தம் உறைந்துவிட்டது. குடும்பத்தினர் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள்' என்ற சீட்டைத் தங்கை கொடுப்பாள். இப்போது போல்டரில் இரண்டு பைல்கள் மிச்சம் இருக்கும். ஒன்றின் பெயர் 'டிஸ்சார்ஜ்'. அதற்குப் பாஸ்வேர்டே கிடையாது. இன்னொன்றின் பெயர் 'வார்டு'. அதற்குப் பாஸ்வேர்டு 24.

அம்மா நடத்திய வகுப்பு

அடுத்த முறை நான் ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை 12 பேர் வந்தார்கள். நான்கு நான்கு பேராக மூன்று குழுக்கள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர், என் லேப்டாப், இரவல் வாங்கிய லேப்டாப் ஒன்று.

முதல் பூட்டில் இரண்டு குழுக்கள் 31 என்று அடித்துவிட்டுத் திருதிருவென விழித்தன. இரண்டாவதில் ஒரு குழு கணக்குப் போட்டு 3 குப்பி என்றது. மூன்றாவது கட்டத்தில் காத்திருந்த 20 நிமிடங்கள்தான் பார்க்க வேண்டிய காட்சி. ஒரு குழு அந்த நேரத்தில் நோயாளியின் நாடி, மூச்சு, கண் இமை, வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கி நேரத்தோடு எழுதிக் கொண்டது. இன்னொரு குழு அலாரத்தையே பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்தது.

அலாரம் அடித்தது. சீட்டைப் படித்தார்கள். இரண்டு குழுக்கள் 'டிஸ்சார்ஜ்' பைலைத் திறந்தன. உள்ளே ஒரே ஒரு வரி. 'இரவு 2 மணி. ஈறில் ரத்தம் வருகிறது என்று வீட்டிலிருந்து போன்.'

யாரும் சிரிக்கவில்லை. போன முறை என்னைக் கிண்டல் செய்த அதே பெண் சொன்னாள்: "இதைப் பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன் அண்ணா."

அதுவரை சமையலறை வாசலில் நின்று பார்த்துக் கொண்டிருந்த அம்மா வந்து அவர்களோடு உட்கார்ந்தார். தம்பிக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னார். அன்று டாக்டரிடம் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்டார். அவர்கள் பதில் சொன்னார்கள். எந்த இடத்தில் தவறினோம், ஏன் அந்தப் பைலைத் திறந்தோம் என்று அவர்களே பேசத் தொடங்கினார்கள். ஆட்டம் 50 நிமிடத்தில் முடிந்துவிட்டது. பேச்சு ஒன்றரை மணி நேரம் நடந்தது. கற்றது எப்போது என்று கேட்டால், அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் என்பேன்.

சில கேள்விகள், என் பதில்கள்

உயிர் சம்பந்தப்பட்ட படிப்பில் விளையாட்டு எதற்கு என்று கேட்கலாம். நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவியைப் பழக உலகம் முழுவதும் பயன்படும் 'ரெசஸ்சி ஆன்' என்ற பொம்மையை 1960ல் செய்தவர் நார்வே நாட்டின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால். பொம்மை மருத்துவத்தைக் கெடுக்கவில்லை. பொம்மையிடம் தவறு செய்து கற்றவர் மனிதரிடம் தவறு செய்வது குறைந்தது.

ஆட்டம் ஆடினால் போதுமா என்றும் கேட்கலாம். போதாது. ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆட்டம் முடிந்த கையோடு வைத்த தேர்வையும், மாணவர்களுக்குப் பிடித்ததா என்பதையும்தான் அளந்தன. நோயாளியின் படுக்கை அருகே நின்று கற்பதற்கு இது மாற்று அல்ல. அங்கே போவதற்கு முன் செய்யும் ஒத்திகை.

முதலில் முடித்த குழுவுக்குப் பரிசு கொடுக்கலாமா? கொடுக்காதீர்கள் என்பேன். எங்கள் ஆட்டத்தில் முதலில் முடித்த குழு, நோயாளியை வீட்டுக்கு அனுப்பிய குழுதான்! கடிகாரம் வேண்டும், ஆனால் அவசரத்தைக் கற்றுக் கொடுக்கக் கூடாது. மார்க்கும் போட வேண்டாம். மார்க் என்றால் தவறை மறைப்பார்கள். தவறு வெளியே வருவதற்காகத்தான் இந்த ஆட்டமே.

சிதம்பரத்தில் 1929ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. 1985ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தது. இன்று அது அரசு மருத்துவக் கல்லூரி. ஊரைச் சுற்றி வயலும் வாய்க்காலும். பாம்புக்கடி எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் மட்டும் இருக்கும் விஷயம் அல்ல. பாம்புக்கடி மரணங்களை 2030க்குள் பாதியாகக் குறைக்க மத்திய அரசு 2024ல் ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. நல்ல முடிவுகள். ஆனால் இரவு 9 மணிக்கு 'வீட்டுக்குப் போகலாமா?' என்று கேட்கும் குடும்பத்துக்கு முன்னால் நிற்கப் போவது ஒரு நர்சும் ஒரு இளம் டாக்டரும்தான். படித்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வர வேண்டும்.

மருத்துவக் கல்லூரிகளில் 2019ல் அறிமுகமான புதிய பாடத்திட்டம், செய்து பழகும் திறன் கூடங்களை வற்புறுத்துகிறது. அங்கே விலை உயர்ந்த பொம்மைகள் வரட்டும். கூடவே ஒரு கம்ப்யூட்டர், ஐந்து வேர்ட் பைல்கள், ஒரு அலாரம், உட்கார்ந்து பேச ஒன்றரை மணி நேரம் ஆகியவற்றுக்கும் இடம் கொடுங்கள் என்பதே கடலூர், சிதம்பரம் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்.

உங்கள் வீட்டில் நர்சிங், பார்மசி, மருத்துவம் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். பாடத்தை அவர்கள் கொடுக்கட்டும், அது சரிதானா என்று அவர்களின் ஆசிரியர் பார்க்கட்டும். பைலைப் பூட்டுவது உங்கள் வேலை. உங்களால் திறக்க முடிகிறதா என்று ஒரு முறை முயன்று பாருங்கள். முடிந்தால் பூட்டை மாற்றுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம். இது படிப்பவர்களுக்கான ஒத்திகை. யாரையாவது நிஜமாகப் பாம்பு கடித்துவிட்டால் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் கேம் என்றால் அம்மா கோபப்படுவதில்லை. "எந்தப் பாடம்?" என்று மட்டும் கேட்கிறார்.